ஊருக்கெல்லாம் 'ங்க', தனக்கு மட்டும் 'நாயே'

கட்டைப் பையோடு யாராவது படியேறி வந்தாலே இப்போது எனக்குத் தெரிந்துவிடுகிறது. துணிக்கடைப் பைக்குள் இரண்டு வருஷத்து ரிப்போர்ட்டுகள்: ஈசிஜி, எக்கோ, எண்டோஸ்கோபி, தைராய்டு, தலைக்கு ஒரு ஸ்கேன். எல்லாம் நார்மல். "எங்க போனாலும் ஒண்ணுமில்லைங்கறாங்க, கடைசியாத்தானுங்க இங்க அனுப்புனாங்க" என்று பையை மேசைமேல் வைப்பார்கள். கடைசியாக வரும் இடம் எங்களுடையது, மனநல ஆலோசனை அறை. பழகிவிட்டது.

போன வாரம் மட்டும் இப்படி நாலு பேர். நாலாவது ஆள் கிளம்பிய பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். (விவரங்களை மாற்றியிருக்கிறேன். நம்ம ஊரில் தெருப் பெயரைச் சொன்னால் போதும், சாயங்காலத்துக்குள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.)

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறவர். நாற்பது வயது இருக்கும். படபடப்பு, ராத்திரி இரண்டு மணிக்கு முழிப்பு, பின்கழுத்தில் இறுக்கம். வீட்டுக்காரர் கொண்டுவந்து விட்டுவிட்டு, கீழே வேப்பமரத்தடியில் வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார். பேசப் பேச விஷயம் வந்தது. ஆறு மாதத்துக்கு முன் ஒரு ஆர்டரில் அளவு தப்பிய பீஸ்கள் இவர் கண்ணில் படாமல் பெட்டிக்குள் போய்விட்டன. கம்பெனி ரெண்டு நாள் சத்தம் போட்டுவிட்டு அடுத்த ஷிப்மெண்ட்டுக்குப் போய்விட்டது. இவர் இன்னும் அந்தப் பெட்டி முன்னாலேயே நிற்கிறார். "எருமையாட்டம் நின்னுருக்கறனுங்க. நானெல்லாம் எதுக்கு லாயக்கு?"

ஒரு சட்டையில் ஓரிடத்தில் தையல் விட்டிருந்தால் என்ன செய்வீங்க என்று கேட்டேன்.

"அந்த எடத்துல ஸ்டிக்கர் ஒட்டி ஆல்டருக்கு அனுப்புவமுங்க."

முழுச் சட்டையையும் தூக்கிக் குப்பையில் போட மாட்டீங்களா?

"அதெப்படிங்க போடறது, ஒரு எடத்துலதானுங்களே போயிருக்குது..." என்றவர் அதோடு நிறுத்திக்கொண்டார். புறங்கையில் வேலை நேரத்தில் ஒட்டிக்கொண்ட அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்று அப்படியே இருந்தது. அதை நகத்தால் சுரண்டிக்கொண்டே கொஞ்ச நேரம் இருந்தார்.

தன்னிடம் பரிவாக இருப்பது என்பது இவ்வளவுதான். இதற்கு 'தற்பரிவு' என்று ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தேன். கேட்கிறவர்கள் காதில் 'தற்பெருமை' என்று விழுகிறது, விட்டுவிட்டேன். அமெரிக்க உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-இல் இதை மூன்றாகப் பிரித்து எழுதினார். தன்னிடம் கடுமையில்லாமல் பேசுவது ஒன்று. தப்பும் தோல்வியும் எல்லா மனுஷருக்கும் உள்ளதுதான், எனக்கு மட்டும் எழுதி வைத்ததில்லை என்று உணர்வது இரண்டு. வலியை அமுக்கி வைக்காமலும் ஊதிப் பெரிதாக்காமலும் உள்ளபடி பார்ப்பது மூன்று. உடம்பில் என்னென்ன சுரக்கிறது என்பதெல்லாம் யூட்யூப்பில் கொட்டிக் கிடக்கிறது, நான் அதற்குள் போகவில்லை.

எனக்கு எரிச்சல் வருவது வேறொன்றில். "அப்படி உட்டுட்டா சோம்பேறி ஆயிருவனுங்க. அடியாத மாடு படியாதுங்களே." வாரத்துக்கு ஐந்து பேராவது இதைச் சொல்கிறார்கள். தறி ஓட்டுகிறவர், கோழிப்பண்ணை வைத்திருக்கிறவர், பேங்க் மேனேஜர், பன்னிரண்டாம் வகுப்புப் பையன், எல்லோருக்கும் இதே பழமொழி. உழைப்பில் நமக்கு ஒரு பெருமை உண்டு, இருக்கட்டும். ஆனால் அந்த உழைப்பு திட்டினதால் வந்தது என்று யார் சொன்னது?

காங்கேயம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தூக்கமில்லை என்று வந்தார். அவரும் இந்தப் பழமொழியை எடுத்தார். "ஏனுங்க, நீங்க இளங்காளையை அடிச்சா பழக்குனீங்க?" என்றேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "அடிச்சா மெரண்டு போயிரும், பொறகு நுகத்தைக் கண்டாலே படுத்துக்கும்." பழகின மாட்டோடு ஜோடி கட்டி, முதலில் வெறும் நுகத்தோடு நடக்கவிட்டு, அப்புறம் லேசான பாரம் ஏற்றி, தடவிக்கொடுத்து, சாமி, தங்கம் என்று கூப்பிட்டு... கால் மணி நேரம் சொன்னார். நான் குறிப்பு எழுதுவதையே மறந்துவிட்டேன். மாட்டுக்குத் தெரிந்த நியாயம் மனுஷனுக்கு மட்டும் எப்படி மாறும்?

ஆராய்ச்சி வேண்டும் என்கிறவர்களுக்கும் சொல்கிறேன். கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் 2010-இல் வந்த ஆய்வு: முதல் பரீட்சைக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தங்களை மன்னித்துக்கொண்ட மாணவர்கள் அடுத்த பரீட்சைக்குக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். 2012-இல் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வு: கஷ்டமான ஒரு தேர்வில் சறுக்கியவர்களில், தன்னிடம் பரிவோடு நடந்துகொள்ளச் சொல்லப்பட்டவர்கள் அடுத்த தேர்வுக்குக் கூடுதல் நேரம் படித்தார்கள். 'நீ கெட்டிக்காரன்தான்' என்கிற ரீதியில் தட்டிக்கொடுக்கப்பட்டவர்களைவிடவும் கூடுதலாக. சோம்பேறி ஆனவர் யார், சொல்லுங்கள்.

இன்னொரு பக்கம், பரிவு என்றதும் 'மனசு சரியில்லை' என்று தவணையில் போன் வாங்குகிறவர்களும் உண்டு. அதற்கு என்னைக் கை காட்டாதீர்கள்.

நம்ம பக்கத்தில் காலை மிதித்தவரிடம்கூட "சித்த தள்ளி நில்லுங்க" என்போம். அஞ்சு வயசுப் பொடியனும் நமக்கு 'கண்ணு', 'தம்பி'தான். அதே ஆள் தனக்குத்தானே பேசும்போது நாயே, சனியனே, உனக்கெல்லாம் எதுக்குச் சோறு. அதனால் நான் ஒரு வேலை கொடுக்கிறேன். இன்றைக்கு உங்களையே திட்டிக்கொண்ட ஒரு வரியை அப்படியே எழுதுங்கள். அதற்குக் கீழே அதே சங்கதியை, பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வதுபோல 'ங்க' போட்டு எழுதுங்கள். நடந்ததை மாற்றக் கூடாது. செக்கிங் அம்மா எழுதியது: "அன்னிக்கு ஓவர்டைம்ல நின்னீங்க, அளவு பாக்க உட்டுட்டீங்க. இனி மொதப் பெட்டிலயே டேப் வெச்சுப் பாருங்க." படித்துவிட்டுச் சிரித்தார். வந்ததிலிருந்து முதல் சிரிப்பு.

அப்புறம் மனதைக் கவனிப்பது. வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை தியானம் கற்றவர்கள் நம்ம ஊரில் தெருவுக்கு ரெண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது புதிதில்லை. மற்றவர்கள் "எனக்கு வராதுங்க, மனசு அலையுது" என்கிறார்கள். அலையட்டும். அலைந்ததைப் பார்த்துத் திரும்பக் கூட்டி வருவதுதான் பயிற்சியே. கண்ணை மூட வேண்டாம். காலையில் பாத்திரம் விளக்கும்போது தண்ணீரின் சில்லிப்பு, வண்டி எடுக்கும் முன் மூன்று மூச்சு. அது போதும்.

இது வீட்டுக்குள்ளும் ஓடும். தனக்குள் ஓடுகிற அதே திட்டைத்தான் நாம் பிள்ளைகளுக்கும் ஒலிபரப்புகிறோம். நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் இருக்கும் மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை போன் போட்டால், "எத்தனை மார்க்?" என்பதுதான் முதல் கேள்வி. தயவுசெய்து, முதல் ஐந்து நிமிஷம் மார்க்கைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். தம்பதிகளை ஆய்ந்த ஜான் காட்மன், நிலைத்து நிற்கும் ஜோடிகள் வாக்குவாதம் செய்யும்போதுகூட ஒரு கடுமைக்கு ஐந்து இணக்கம் என்ற கணக்கில் இருப்பதாகச் சொன்னார். ஐந்து என்றால் பெரிய காரியமில்லை: ஒரு தலையாட்டல், ஒரு சிரிப்பு, "ஆமாங்க, அதுவும் சரிதான்".

ஆனால் வீட்டில் அடி விழுகிறதென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்கானதில்லை. பெண்களுக்கான உதவி எண் 181-ஐக் கூப்பிடுங்கள். அடி வாங்கிக்கொண்டு மூச்சைக் கவனி என்று எந்த ஆலோசகர் சொன்னாலும், நானே சொன்னாலும், எழுந்து போய்விடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் எதிலும் நாட்டமும் போய்விட்டால், செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒரு தடவை தலைகாட்டினாலும், இதையெல்லாம் செய்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். 14416, டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 24 மணி நேரமும், இலவசம், தமிழிலேயே பேசலாம். மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் இருக்கிறார். 'நரம்பு டாக்டர்' என்று சொல்லிக்கொண்டாவது போங்கள், எனக்கு ஆட்சேபணையில்லை.

கடைசியாக, வேப்பமரத்தடியில் வண்டியில் உட்கார்ந்திருக்கும் அண்ணன்மாருக்கு. பதினாறு படிதானுங்க. மேலே ஃபேன் இருக்கிறது, ரெண்டாவது நாற்காலியும் இருக்கிறது.