ஸ்லைடில் தெரியும் வெள்ளை ஓட்டைகள்

காயம்பட்ட தண்டுவடத் திசுவின் மெல்லிய சீவலை வைத்த ஸ்லைடை நுண்ணோக்கியில் முதன்முதலாகப் பார்க்கும் மாணவர்கள் பெரும்பாலும், "இந்த இடம் காலியா இருக்கே" என்பார்கள். அங்கே கொழுப்பு இருந்தது. அதைக் கரைத்து வெளியேற்றியது ஆய்வகத்தில் ஸ்லைடு தயாரிக்கும் நாங்கள்தான். திசுவைப் பாராஃபின் மெழுகில் பதிக்கும் முன் ஆல்கஹாலிலும் சைலீன் என்ற கரைப்பானிலும் ஊற வைக்கிறோம். செல்லுக்குள் துளித்துளியாகச் சேர்ந்திருந்த கொழுப்பு அதிலேயே போய்விடுகிறது.

தண்டுவடத்தில் இது பெரிய இழப்பு. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையின் உலர் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு கொழுப்பு. அடி விழுந்த கணத்தில் உறை கிழிகிறது, சரி. ஆனால் சேதம் அதற்குப் பிறகும் நாள்கணக்கில் பரவிக்கொண்டே இருக்கும். கசிந்த ரத்தத்தின் இரும்பும், வீரியமுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகளும் செல் சவ்வின் கொழுப்பைத் தாக்குகின்றன. பழைய எண்ணெய் காறிப்போகிறதே, அதே வேதிவினைதான். கெட்டுப்போன ஒரு மூலக்கூறு பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். அப்புறம் மேக்ரோபேஜ் எனப்படும் துப்புரவு செல்கள் வந்து மயலின் சிதைவுகளை விழுங்கி, கொழுப்புத் துளிகளால் உப்பி, நுரைபோல ஆகிவிடுகின்றன.

இதையெல்லாம் பார்க்க வேண்டுமென்றால் திசுவை உறையவைத்துத்தான் வெட்ட வேண்டும். ஆயில் ரெட் ஓ சாயம் போட்டால் துளிகள் சிவப்பாகத் தெரியும். கொழுப்பு இருக்கிறது என்பதை அது சொல்லும். எந்தக் கொழுப்பு என்று சொல்லாது. அதைச் சொல்வது மால்டி படமாக்கல். திசுவின் மேல் புள்ளி புள்ளியாக லேசரைப் பாய்ச்சி, எழும்பும் மூலக்கூறுகளின் நிறையை அளந்து, ஒவ்வொன்றும் எங்கே கூடியிருக்கிறது, எங்கே குறைந்திருக்கிறது என்று வரைபடம் தீட்டுகிறார்கள். சாயமே தேவையில்லை. ஒரே நிறையில் இரண்டு வேறு கொழுப்புகள் இருக்கலாம் என்பதால், படத்தை மட்டும் நம்பிப் பெயர் சூட்டுவதை நான் ஏற்பதில்லை. மூலக்கூறை உடைத்துப் பார்த்து உறுதிசெய்த பிறகே பெயர்.

"எம்ஆர்ஐயில எல்லாம் தெரிஞ்சிருக்குமே டாக்டர்?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். வீக்கமும் ரத்தக்கசிவும் தெரியும். மயலின் கொழுப்பின் சிக்னலோ வழக்கமான ஸ்கேன் பதிவுசெய்யத் தொடங்கும் முன்பே அணைந்துவிடுகிறது. அதனால் உறையின் அடுக்குகளுக்கிடையே சிக்கிய நீரை அளந்து, மயலின் எவ்வளவு இருக்கும் என்று ஊகிக்கும் முறைகள் வந்திருக்கின்றன.

1990-ல் வெளியான ஒரு பெரிய மருத்துவ ஆய்வில், தண்டுவடத்தில் காயமடைந்தவர்களுக்கு மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை மிக அதிக அளவில் கொடுத்தார்கள். அதன் பின்னிருந்த முக்கிய எண்ணம், கொழுப்பு காறிப்போவதைத் தடுப்பது. அதனால் பலன் உண்டா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. மருந்து கொடுத்த நோயாளியின் தண்டுவடத்துக்குள் அந்த வினை நின்றதா என்று நேரில் பார்க்க வழி இருந்திருந்தால், இத்தனை ஆண்டுகள் வாதாட வேண்டியிருந்திருக்காது.

அதனால் ஆய்வுக்குத் திசு எடுப்பவர்களிடம் என் வேண்டுகோள் ஒன்றுதான். முழுவதையும் மெழுகுக்கு அனுப்பிவிடாதீர்கள். ஒரு துண்டையாவது உடனே உறையவைத்து வையுங்கள்.