செந்தண்டுப் பனையைக் கொல்வது வெயிலா, போர்வெல் தண்ணீரா?

நர்சரிகளில் லிப்ஸ்டிக் பாம் என்று கிடைக்கும் செந்தண்டுப் பனையின் தாவரவியல் பெயர் சிர்ட்டோஸ்டாக்கிஸ் ரெண்டா. மட்டையும் தண்டை மூடிய உறையும் அரக்குச் சிவப்பில் பளபளக்கும். தென் தாய்லாந்து, மலேயா, சுமத்ரா, போர்னியோ ஆகிய இடங்களின் சதுப்புக் காடுகள்தான் அதன் தாய்மண். இலைதழை முழுதாக மக்காமல் நீரில் ஊறிச் சேர்ந்த நிலம் அது. அமிலத்தன்மை கடுமையாக இருக்கும், உப்பு மிகக் குறைவு.

புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் செடி வாடினால் வெயிலைத்தான் சொல்வார்கள். முதலில் பார்க்க வேண்டியது போர்வெல் தண்ணீரை. கடலோர போர்வெல்களில் உப்பும், மண்ணைக் காரமாக்கும் பைகார்பனேட்டும் அதிகம் வருவதுண்டு. தொட்டி மண்ணின் பி.எச். (அமில, கார அளவு) 7.5-ஐத் தாண்டினால் இரும்புச்சத்து கரையாத வடிவத்துக்கு மாறிவிடும். மண்ணில் இருந்தும் வேருக்குக் கிட்டாது. புதுக் குருத்து வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இதுதான் கோளாறு. இலைநுனி கருகினால் உப்பையோ வறட்சியையோ சந்தேகியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையை மூடிபோட்ட டிரம்மில் பிடித்து வைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

இரும்புச்சத்து உரம் வாங்கும்போது, இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்து வைக்கும் சேர்மம் எது என்று கேட்டு வாங்குங்கள். இ.டி.டி.ஏ. (EDTA) இரும்பு பி.எச். 6.5-க்கு மேல் பயன் குறைந்துவிடும், இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) இரும்பு கார மண்ணிலும் நிற்கும். லிட்டருக்கு 1 கிராம் கலந்து வேரில் ஊற்றலாம்.

15 அங்குலத் தொட்டிக்குத் தென்னை நார்க்கழிவு 3 பங்கு. செம்மண், ஆற்று மணல், மக்கிய சாணம் தலா 1 பங்கு. நார்க்கழிவிலும் உப்பு உண்டு. மூன்று முறை ஊறவைத்து அலசாமல் போடாதீர்கள். அடியில் 2 அங்குலத் தண்ணீர் நிற்கும் தட்டு வையுங்கள், பல செடிகளின் வேர் அப்படி அழுகிவிடும், இதன் வேர் அழுகாது. கொசு முட்டையிடும் என்பதால் ஐந்து நாளுக்கொருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவி நீரை மாற்றுவது கட்டாயம்.

இளங்கன்றுக்கு 50 சதவீத நிழல்வலை வேண்டும். ஆனி, ஆடியின் வறண்ட மேல்காற்று கத்தரி வெயிலைவிடப் பொல்லாதது. மேற்கே சுவர் இருக்கும் மூலை நல்லது. மார்கழிக் குளிர் இங்கே பொருட்டே இல்லை.

பக்கக்கன்று பிரிப்பதில்தான் அதிகம் சாகிறது. சொந்த வேர் விடாத கன்றை வெட்டி எடுத்தால் பிழைக்காது. மூன்று மட்டையாவது வந்த கன்றைப் புரட்டாசியில் தாயிடமிருந்து வெட்டி, இடம் மாற்றாமல் எட்டு வாரம் அப்படியே விடுங்கள். வேர் பெருகியபின் மண்ணோடு தூக்கி, சில வாரம் பாலித்தீன் கூடாரத்துக்குள் வையுங்கள். குருத்து நகராமல் நிற்பது இயல்பு, இது மெதுவாக வளரும் பனை. லேசாக இழுத்தவுடன் குருத்து கையோடு வந்தால் மட்டும் உள்ளே அழுகிவிட்டது என்று அர்த்தம். ஒரு தண்டுக்கு ஒரே வளர்நுனி. அந்தத் தண்டு இனித் தழைக்காது.