தண்ணீர் பில் திடீரென்று கூடினால்: கந்தோருக்கு ஓட முன் மீற்றரைப் பாருங்கள்

எங்கள் ஒழுங்கையில் ஓர் அக்கா, இரண்டு பிள்ளைகளோடு தனியாக இருக்கிறார். மாதம் பன்னிரண்டு யூனிற்றைத் தாண்டாத வீடு. ஒரு மாதம் ஐம்பது யூனிற்றுக்கு மேல் பில் வந்தது. பைப் பாஸ் ஒருவர் குசினித் தரையைக் கொத்திப் பார்த்தார், ஒன்றும் இல்லை, கூலி மட்டும் போனது. தண்ணீர்ச் சபைக் கந்தோருக்குப் போனால் முதல் நாள் "பில் உங்கட பேரில இல்லையே, அவரைக் கூட்டிக்கொண்டு வாங்க" என்றார்கள். பில்லில் பேர் இருந்தவர் இறந்து நான்கு வருடம். இரண்டாம் நாள் சேர் ஃபீல்டுக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் ஜீ.எஸ்.ஸிடம் (கிராம சேவகரிடம்) கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். கடைசியில் பிழை இருந்தது கொமட் தாங்கியில், தேய்ந்துபோன ஒரு வாசர். வீட்டிலேயே ஒரு மணி நேரத்தில் கண்டுபிடித்திருக்கலாம்.

உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரை வவுணதீவில் சுத்திகரித்து மட்டக்களப்புக்கு அனுப்புவது தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை. 1974 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த சபை. இவ்வளவு போதும். நீங்கள் மனதில் வைக்க வேண்டியது மீற்றர்தான் எல்லை என்பதை. வீதியிலிருந்து மீற்றர் வரை உடைந்தால் சபையின் பொறுப்பு, மீற்றரைத் தாண்டி உங்கள் வளவுக்குள் உடைந்தால் உங்கள் செலவு. முக்கால்வாசி அலைச்சல் இதைத் தெரியாமல் போவதால் வருகிறது.

அதனால் முதலில், மேல் தாங்கி நிறைந்திருக்கும் நேரத்தில், வீட்டில் எல்லாக் குழாயையும் பூட்டுங்கள், கொமட்டில் தண்ணீர் அடிக்காதீர்கள், மீற்றரை போனில் படம் எடுங்கள். கறுப்பு இலக்கம் யூனிற், சிவப்பு இலக்கமோ முள்ளோ லீற்றர். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு படம். சிவப்பு அசைந்திருந்தால் ஒழுக்கு உங்கள் பக்கம். அப்புறம் மேல் தாங்கிக்குப் போகும் வால்வைப் பூட்டிப் பாருங்கள். மீற்றர் நின்றுவிட்டால் பிழை தாங்கியில் அல்லது அதிலிருந்து இறங்கும் பைப்பில், கொமட்டில். தாங்கியின் பந்து வால்வு பிடிக்காமல் இரவெல்லாம் வழிந்தாலும் யாரும் பார்ப்பதில்லை. கொமட் தாங்கிக்குள் கொஞ்சம் மஞ்சள் தூளைக் கரைத்துவிட்டு கால் மணி நேரம் தொடாமல் விடுங்கள், கீழே மஞ்சள் இறங்கினால் வாசர் போய்விட்டது. மேல் வால்வைப் பூட்டிய பிறகும் மீற்றர் ஓடினால்தான் நிலத்துக்குள் போகும் பைப்பைச் சந்தேகிக்க வேண்டும். கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதி மாதிரி மணல் நிலத்தில் ஈரத்தைத் தேடாதீர்கள், மணல் குடித்துவிடும், மேலே ஒரு அடையாளமும் இராது.

நிமிடத்துக்கு ஒரு லீற்றர் ஒழுகினால் நாளைக்கு 1440 லீற்றர். ஒரு யூனிற் 1000 லீற்றர், ஆகவே மாதம் 43 யூனிற். யூனிற் கூடக் கூட ஒவ்வொன்றின் விலையும் கூடுவதால்தான் பில் அப்படி ஏறுகிறது. உங்கள் பக்கத்து ஒழுக்கு என்றால் அந்தத் தண்ணீர் மீற்றரைத் தாண்டியது, கணக்கில் விழும், அதை மன்னிப்பார்கள் என்ற நம்பிக்கையில் நாலு நாள் வேலையை விட்டுப் போகாதீர்கள். ஒழுக்கைத் திருத்தி, வேலைக்குக் கொடுத்த காசின் பற்றுத்துண்டையும் கழற்றிய வாசரையும் கொண்டுபோய், தவணை முறையில் கட்ட விடும்படி எழுத்தில் கேளுங்கள். வழக்கமாகக் கட்டும் தொகையையாவது அந்த மாதம் கட்டிவிடுங்கள், ஒன்றும் கட்டாமல் இருந்தால் பேச்சு பில்லை விட்டு இணைப்பைத் துண்டிப்பதில் போய் நிற்கும்.

சிவப்பு அசையவே இல்லையா? அப்போது பில்லை எடுங்கள். அதில் போன வாசிப்பும் இந்த வாசிப்பும் இருக்கும். கேற் பூட்டியிருந்தால், நாய் நின்றால், மீற்றரைப் பார்க்காமல் மதிப்பீட்டுக் கணக்கில் பில் வரும். உங்கள் மீற்றர் இப்போது காட்டும் வாசிப்பு பில்லில் இருக்கும் இந்த வாசிப்பைவிடக் குறைவாக இருந்தால் பிழை அவர்கள் பக்கம். படம்தான் சாட்சி.

இனி கவுண்டர். வாயால் மட்டும் சொன்னது கணக்கில் வராது. சபையின் 1939 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்தால் முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிவையுங்கள். நேரில் போனால் கடிதம் இரண்டு பிரதி, ஒன்றில் திகதி முத்திரை வாங்காமல் திரும்ப வேண்டாம். "வைச்சிட்டுப் போங்க" என்பார்கள், பொறுமையாக நில்லுங்கள். வீதியில் பைப் உடைந்ததைச் சொல்ல காணி உறுதி, ஜீ.எஸ். கடிதம் ஒன்றும் வேண்டியதில்லை, கணக்கு இலக்கமும் இடமும் போதும். கிழக்கு மாகாணத்தில் தமிழ் நிர்வாக மொழி, ஆகவே சிங்களத்தில் கடிதம் வந்தால் தமிழில் கேட்பது சலுகை அல்ல. பதிலே இல்லை என்றால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போடுங்கள்: ஒரு வருட மீற்றர் வாசிப்புகள், எது மதிப்பீடு, என் கடிதத்துக்கு என்ன நடந்தது. 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பல நாள் கிடந்த கடிதம் இதற்குப் பிறகு அசைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆத்திரத்தில் மீற்றர் சீலை உடைக்க வேண்டாம், லைனில் நேரடியாக மோட்டர் பூட்டவும் வேண்டாம், இரண்டும் குற்றம், அதற்குப் பிறகு உங்கள் நியாயத்தை யாரும் கேட்க மாட்டார்கள்.

பில் இறந்தவர் பெயரில் இருந்தால், சண்டை ஒன்றும் இல்லாத இப்போதே மாற்றுங்கள். மரணச் சான்றிதழ், அடையாள அட்டை, உறுதி அல்லது காணி அனுமதிப்பத்திரம் என்று கேட்பார்கள். சுனாமிக்குப் பிறகு கிடைத்த, கையில் உறுதி இல்லாத வீடு என்றால் முதலிலேயே பிரதேச செயலகத்தில் எந்தக் கடிதம் செல்லும் என்று கேட்டு, பெயரையும் திகதியையும் குறித்துக்கொண்டு போங்கள். எங்கே கேட்டாலும் பிரதியைக் கொடுங்கள், அசலைக் காட்டிவிட்டு அந்த இடத்திலேயே திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.