சங்கர் குஹா நியோகியும் சுரங்கத் தொழிலாளர்கள் கட்டிய மருத்துவமனையும்

தொழிற்பேட்டை ஓரத்தில் மருத்துவம் பார்க்கிறவர்களுக்கு ஒரு காட்சி நன்றாகப் பழகியிருக்கும். கையில் எண்ணெய்த் துணியைச் சுற்றிக்கொண்டு ஒரு தொழிலாளி வருவார். துணியைப் பிரித்தால் ஆள்காட்டி விரலின் நுனி இருக்காது. எப்படி ஆயிற்று என்று கேட்டால், அவர் வாய் திறப்பதற்குள் கூட வந்தவர் முந்திக்கொள்வார்: "வீட்டில் வழுக்கி விழுந்துவிட்டான், டாக்டர்." பிரஸ் மெஷினில் நசுங்கிய விரல் எப்படி இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியாததல்ல. கூட வந்தவர் காண்டிராக்டரின் ஆள். விபத்துப் பதிவேட்டில், நாங்கள் ஏ.ஆர். என்று சொல்லும் அந்தத் தாளில், 'வேலை செய்யும் இடத்தில்' என்ற வார்த்தைகள் ஏறிவிடக் கூடாது என்பதற்காகவே அவர் அனுப்பப்பட்டிருக்கிறார்.

அந்த வார்த்தைகளுக்கு என்ன மதிப்பு என்பதைத் தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசு காப்பீட்டுத் திட்டத்தில் வருவார்கள். தொழிலாளியிடமிருந்து 0.75 சதவீதமும் முதலாளியிடமிருந்து 3.25 சதவீதமும் அதற்குப் போகிறது. வேலையில் காயம்பட்டால், வேலைக்கு வர முடியாத காலத்துக்குச் சராசரி ஊதியத்தில் 90 சதவீதம் கிடைக்கும். இத்தனை மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்குக் கிடையாது. விரல் போய்விட்டால், இழப்பின் அளவைப் பொறுத்து நிரந்தர ஊனத்துக்கான தொகை உண்டு. காண்டிராக்ட் ஆள் என்பதால் இந்த உரிமை குறைந்துவிடாது. காண்டிராக்டர் பணம் கட்டாவிட்டால் முதன்மை முதலாளிதான், அதாவது அந்தக் காண்டிராக்டரிடம் வேலையைக் கொடுத்த ஆலைதான் பொறுப்பு. வீட்டில் விழுந்ததாக எழுதப்பட்டவருக்கு இந்தக் காயப் பலன் கிடையாது. ஒரு பொய்யான வரியால் ஒரு குடும்பத்தின் பல வருடச் சோறு பறிபோகிறது.

காயத்துக்குத் தையல் போட எனக்குத் தெரியும். அந்த வரியை உண்மையாக எழுத வைக்கும் பலம் மருந்தில் இல்லை. மறுநாளும் வேலை இருக்கும், தன் பக்கம் பேச நாலு பேர் இருப்பார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அந்த மனிதர் தானே வாய் திறந்து நடந்ததைச் சொல்வார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருகிறவர் சங்கர் குஹா நியோகி. அவர் மருத்துவர் அல்ல, தொழிற்சங்கத் தலைவர். ஆனால் உழைக்கிறவர்களின் உடல்நலத்தைப் பற்றி அவரிடமிருந்து கற்றுக்கொண்ட அளவுக்கு எந்தப் பாடப் புத்தகத்திலிருந்தும் நான் கற்றுக்கொள்ளவில்லை. எங்கள் பகுதி வார்ப்படப் பட்டறைகளில் சத்தீஸ்கரிலிருந்து வந்து வேலை செய்யும் இளைஞர்கள் பலர் அவர் பெயரையே கேட்டதில்லை. இந்தக் கட்டுரைக்கு அதுவும் ஒரு காரணம்.

நியோகி 1943இல் பிறந்தவர். இயற்பெயர் தீரேஷ். வங்காளத்தின் ஜல்பாய்குரியில் படித்துவிட்டு, 1960களின் தொடக்கத்தில், இன்றைய சத்தீஸ்கரில் இருக்கும் பிலாய் உருக்காலைக்கு வந்து கோக் அடுப்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தார். தொழிலாளர்களைத் திரட்டியதால் வேலை போயிற்று. அதன் பிறகு அவர் ஊர் திரும்பவில்லை. பெயரைச் சங்கர் என்று மாற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகச் சுற்றினார், கூலி வேலை செய்தார், ஆடு விற்றார். தானி டோலா என்ற இடத்தில் குவார்ட்சைட் குவாரியில் கல் உடைத்தார். கூட வேலை செய்த ஆஷா என்ற பழங்குடிப் பெண்ணை மணந்துகொண்டார். நெருக்கடி நிலைக் காலத்தில் விசாரணையில்லாமல் சிறையில் வைக்க வழிசெய்த மிசா சட்டத்தில் அவரைப் பிடித்து உள்ளே வைத்தார்கள்.

பிலாய் உருக்காலைக்கு இரும்புத் தாது போவது தல்லி ராஜ்ஹரா சுரங்கங்களிலிருந்து. அன்று அது மத்தியப் பிரதேசத்தின் துர்க் மாவட்டம். ஆலையின் நிரந்தரத் தொழிலாளர்களுக்குக் குடியிருப்பும் மருத்துவமனையும் இருந்தன. அதே தாதுவைக் கடப்பாரையாலும் சுத்தியலாலும் பெயர்த்தெடுத்த, கூடையில் சுமந்து லாரியில் ஏற்றிய ஆயிரக்கணக்கான ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ஒன்றும் இல்லை. கணவன் பாறையை உடைப்பார், மனைவி சுமப்பார். 1977இல் போனஸ் ஒப்பந்தம் ஒன்று போடப்பட்டது. நிரந்தரத் தொழிலாளிக்கு 308 ரூபாய், ஒப்பந்தத் தொழிலாளிக்கு 70 ரூபாய். இதில் கையெழுத்திட்டவை அங்கீகரிக்கப்பட்ட பெரிய சங்கங்கள். ஒப்பந்தத் தொழிலாளர்கள் அந்தச் சங்கங்களை விட்டு ஒட்டுமொத்தமாக வெளியேறி, சிறையிலிருந்து வெளியே வந்திருந்த நியோகியைத் தேடிப் போய் அழைத்து வந்தார்கள். சத்தீஸ்கர் சுரங்கத் தொழிலாளர் சங்கம் அப்படித்தான் பிறந்தது. தலைவர் தொழிலாளர்களைத் தேடி வரவில்லை, தொழிலாளர்கள் தலைவரைத் தேடிப் போனார்கள். அந்தச் சங்கத்தின் பிற்காலத்தைப் புரிந்துகொள்ள இது முக்கியம்.

அவர்களுடைய முதல் கோரிக்கைகளைப் பாருங்கள். ஒன்று, வேலைக்கு வந்தும் காண்டிராக்டர் வேலை கொடுக்காத நாளுக்குப் பாதிக் கூலி. இன்னொன்று, மழைக்காலத்துக்கு முன்பு குடிசையைச் செப்பனிட, மூங்கிலும் கம்பும் வாங்க 100 ரூபாய். இது வெறும் பணக் கோரிக்கையாகத்தான் அதிகாரிகளுக்குத் தெரிந்திருக்கும். ஒழுகும் கூரைக்குக் கீழே ஈரத்தரையில் குழந்தைகள் படுக்கும் வீடுகளிலிருந்து வரும் நோயாளிகளைப் பார்ப்பவர்களுக்கு அது வேறு மாதிரித் தெரியும். மழை தொடங்கிய இரண்டாவது வாரத்தில் வரும் குழந்தை நிமோனியாவுக்கு அதுவும் ஒரு நல்ல தடுப்பு.

காண்டிராக்டர்கள் முதலில் ஒப்புக்கொண்டார்கள், பணம் கொடுக்க வேண்டிய நாளில் மறுத்தார்கள். வேலைநிறுத்தம் தொடங்கியது. 1977 ஜூன் 2ஆம் தேதி இரவு போலீஸ் வந்து நியோகியைத் தூக்கிச் சென்றது. அவரை விடுவித்தால்தான் விடுவோம் என்று மக்கள் போலீஸ்காரர்கள் சிலரைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். இரவும் மறுநாளும் துப்பாக்கிச் சூடு. பதினொரு பேர் செத்தார்கள். அனுசுயா பாய் என்ற பெண் தொழிலாளியும் சுதாமா என்ற சிறுவனும் அவர்களில் இருந்தார்கள். வேலைநிறுத்தம் அதற்குப் பிறகும் உடையவில்லை, கோரிக்கைகள் வென்றன.

அடுத்து நடந்ததுதான் என்னைப் போன்றவர்களுக்குப் பாடம். கூலி உயர்ந்தது, கூடவே சாராயக் கடை வியாபாரமும் உயர்ந்தது. போராடி வாங்கிய பணம் காண்டிராக்டரின் பையிலிருந்து சாராய வியாபாரியின் பைக்குப் போனதே தவிர வீட்டுக்கு வரவில்லை. பெரும்பாலான சங்கத் தலைவர்கள் இதைத் தொழிலாளியின் சொந்த விஷயம் என்று ஒதுங்கிவிடுவார்கள். நியோகி ஒதுங்கவில்லை. சங்கமே மதுவிலக்கைக் கையில் எடுத்தது. பெண்கள் முன்னால் நின்றார்கள். ஆயிரக்கணக்கானோர் சங்கத்தின் முன் சபதம் எடுத்துக் குடியை விட்டார்கள். சாராய வியாபாரிகள் அவருக்கு எதிரிகளானார்கள். குடிநோயாளிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பி, அடுத்த மாதம் அதே ஆளை மஞ்சள் காமாலையோடு பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: தெருவே சேர்ந்து விட்டால்தான் குடியை விட முடிகிறது. தனியாக விடச் சொல்லிப் பலன் கண்டது மிகக் குறைவு.

சங்கத்தின் துணைத் தலைவராக இருந்தவர் குசும் பாய். பிரசவத்தில் சிக்கல் வந்தபோது ஆலை மருத்துவமனையில் உரிய கவனிப்புக் கிடைக்காமல் அவர் இறந்துபோனார். சங்கத்தின் துணைத் தலைவருக்கே இந்தக் கதி என்றால் மற்றப் பெண்களின் நிலை என்ன? துக்கமும் கோபமும் மருத்துவமனை வாசலில் முழக்கமிடுவதோடு நின்றிருக்கலாம். தொழிலாளர்கள் தங்களுக்கென்று ஒரு மருத்துவமனை கட்டுவது என்று முடிவெடுத்தார்கள். 1982 ஜனவரி 26 அன்று ஒரு சிறிய மருந்தகம் தொடங்கியது. 1983 ஜூன் 3 அன்று, துப்பாக்கிச் சூட்டில் இறந்தவர்களின் நினைவு நாளில், ஷஹீத் மருத்துவமனை திறக்கப்பட்டது. 'தியாகிகள் மருத்துவமனை' என்பது அந்த பதினொரு பேருக்காக வைத்த பெயர். செங்கல் சுமந்ததும் காரை பூசியதும் ஷிஃப்ட் முடிந்து வந்த சுரங்கத் தொழிலாளர்கள். பணமும் அவர்கள் சந்தாதான்.

பினாயக் சென், ஆசிஷ் குண்டு, பவித்ர குஹா, சைபால் ஜானா, புண்யபிரத குண் போன்ற இளம் மருத்துவர்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள். பகலில் சுரங்கத்தில் தாது சுமந்த ஆணும் பெண்ணும் மாலையில் சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். காயத்துக்குக் கட்டுப் போடுவது, மருந்து கொடுப்பது, ரத்த அழுத்தம் பார்ப்பது எல்லாம் அவர்கள் கையில் வந்தன. மருத்துவமனையை எப்படி நடத்துவது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் டாக்டரும் சுமைத் தொழிலாளியும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். இந்த ஒரு விஷயம் இன்றுவரை நம் நாட்டில் வேறெங்கும் எளிதில் நடந்துவிடவில்லை.

தேவையில்லாத ஊசியையும் டானிக்கையும் எதிர்த்து அந்த மருத்துவமனை பிரசாரமே செய்தது. காய்ச்சலுக்கு ஒரு ஊசி, களைப்புக்கு ஒரு பாட்டில் குளுக்கோஸ் என்று ஏழைகளின் பணம் கரைவதை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். வயிற்றுப்போக்குக்கு உப்பு, சர்க்கரை கலந்த தண்ணீர் போதும் என்று நோயாளியை நம்பவைப்பது ஒரு மருத்துவர் செய்யக்கூடிய கடினமான வேலைகளில் ஒன்று. "டிரிப்ஸ் ஏற்றினால்தான் தெம்பு வரும்" என்று அடம்பிடிக்கிறவரிடம் நான் இன்றும் தோற்கிறேன். அங்கே அதைச் சொன்னவர் பக்கத்து வீட்டுச் சுரங்கத் தொழிலாளி. அதனால் எடுபட்டது.

போராட்டமும் நிர்மாணமும் ஒன்றாகப் போக வேண்டும் என்பது நியோகியின் முழக்கம். பள்ளிக்கூடம், மருத்துவமனை, கலைக்குழு என்று சங்கத்துக்குப் பல துறைகள் இருந்தன. பிரிட்டிஷாரை எதிர்த்து 1857இல் ராய்ப்பூரில் தூக்கிலிடப்பட்ட சோனாகான் வீர நாராயண் சிங்கின் நினைவை மக்களிடம் திரும்பக் கொண்டுவந்ததும் இந்தச் சங்கம்தான். கொடியில் தொழிலாளிக்குச் சிவப்பு, விவசாயிக்குப் பச்சை. இயந்திரமயம் வந்தபோதும் வெறுமனே எதிர்க்கவில்லை. 1978இல் பஸ்தர் பகுதியின் பைலாடிலா இரும்புச் சுரங்கங்களில் இயந்திரங்கள் வந்து ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்து, கிரந்துலில் துப்பாக்கிச் சூடும் நடந்திருந்தது. அதைப் பார்த்த சங்கம், எந்த வேலைக்கு இயந்திரம், எந்த வேலைக்கு ஆள் என்று கணக்குப் போட்டுப் பாதி இயந்திரமயத் திட்டம் ஒன்றைத் தானே முன்வைத்து, பல ஆண்டுகள் ஆள்குறைப்பைத் தடுத்து நிறுத்தியது.

1990இல் பிலாய் சுற்றுவட்டாரத் தனியார் ஆலைகளின் ஒப்பந்தத் தொழிலாளர்கள் அவரிடம் வந்தார்கள். நிரந்தர வேலை, வாழத் தகுந்த கூலி, சங்கம் வைக்கும் உரிமை ஆகியவற்றைத்தான் கேட்டார்கள். ஆயிரக்கணக்கானோரை வேலையைவிட்டு விரட்டினார்கள். நியோகியைச் சிறையில் போட்டார்கள், ஊரைவிட்டு வெளியேற்ற ஆணை போட்டார்கள். 1991 செப்டம்பரில் அவர் டெல்லி சென்று குடியரசுத் தலைவரிடம் தொழிலாளர்களின் மனுவைக் கொடுத்துவிட்டு வந்தார். அதே மாதம் 28ஆம் தேதி விடியுமுன், பிலாயில் தூங்கிக்கொண்டிருந்தவரை ஜன்னல் வழியாகச் சுட்டுக் கொன்றார்கள். தன்னைக் கொல்லத் திட்டம் நடக்கிறது என்று அவருக்குத் தெரியும். ஒலிநாடாவில் பதிவு செய்து வைத்திருந்தார். வயது 48.

வழக்கில் விசாரணை நீதிமன்றம் 1997இல் தொழிலதிபர்கள் உள்ளிட்டவர்களுக்குத் தண்டனை கொடுத்தது. அடுத்த ஆண்டு உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. 2005இல் உச்ச நீதிமன்றம், சுட்டவருக்கு மட்டும் ஆயுள் தண்டனை விதித்து மற்றவர்களின் விடுதலையை உறுதி செய்தது. கூலிக்குச் சுட்டவன் குற்றவாளி, கூலி கொடுத்தவர் யாரும் இல்லை என்ற இடத்தில் சட்டம் நின்றுவிட்டது. அந்தக் கொலைக்கு நியாயம் கிடைத்ததாக நான் கருதவில்லை. 1992 ஜூலை 1 அன்று பிலாய் பவர் ஹவுஸ் ரயில் நிலையத்தில் மறியல் செய்த தொழிலாளர்கள் மீது போலீஸ் சுட்டதில் பதினைந்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பழைய அந்த நிகழ்வு தொடர்பான வழக்கில் 2016இல் டாக்டர் சைபால் ஜானா கைது செய்யப்பட்டார். ஷஹீத் மருத்துவமனை இன்றும் தல்லி ராஜ்ஹராவில் இயங்குகிறது.

என் தொழிலைச் சேர்ந்தவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வார்ப்படப் பட்டறையிலும் கல் குவாரியிலும் வேலை செய்கிறவர் மாதக்கணக்கில் இருமலோடு வந்தால், காசநோய்க்குச் சளிப் பரிசோதனை எழுதுவதோடு நிற்காதீர்கள். என்ன வேலை, எத்தனை வருடம், மணலை உடைப்பவரா, சலிப்பவரா, வார்ப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்பவரா என்று கேளுங்கள். சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் வரும். அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் ஆபத்தும் அதிகம். காசநோய் மருந்தை இரண்டு முறை முழுதாகச் சாப்பிட்டும் மூச்சு வாங்குவது நிற்காத தொழிலாளர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய பழைய சீட்டுகளில் வயது இருக்கும், எடை இருக்கும், வேலை என்ற இடம் காலியாக இருக்கும். சிலிகோசிஸ் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய தொழில்நோய், இழப்பீட்டுக்கு உரிய நோய். நாம் எழுதாவிட்டால் அந்த இழப்பீடு அவருக்குக் கிடைக்கப்போவதில்லை.

சங்கம் நடத்துகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சுக்குப் போகும்போது, கூலிக்கும் போனஸுக்கும் கீழே கடைசி வரியாக அல்லாமல், அவற்றோடு சமமாக இவற்றையும் வையுங்கள்: தூசியை உறிஞ்சும் கருவி, தண்ணீர் தெளித்து மணலை நனைக்கும் ஏற்பாடு, காண்டிராக்ட் ஆட்கள் உட்பட எல்லோருக்கும் வருடம் ஒரு முறை எக்ஸ்ரேயும் மூச்சுத் திறன் பரிசோதனையும், அதன் முடிவு தொழிலாளியின் கையில் அவருக்குப் புரிகிற மொழியில். விபத்தில் அடிபட்டவரோடு மருத்துவமனைக்குக் காண்டிராக்டரின் ஆளுக்குப் பதில் சங்கத்திலிருந்து ஒருவர் போவது என்ற ஏற்பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு நிர்வாகத்தின் கையெழுத்துகூடத் தேவையில்லை.