அந்த வால்வு சொட்டட்டும், அடைக்காதீர்கள்

போன நவம்பரில் கோவை சரவணம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். சுடுதண்ணீர் முன்னைப் போல வரவில்லை என்று கூப்பிட்டிருந்தார்கள். கீசருக்கு அடியில், தண்ணீர் உள்ளே போகும் குழாயில் பித்தளையில் ஒரு குட்டி வால்வு இருக்குமே, சேஃப்டி வால்வு, அதன் வாயில் டெஃப்லான் டேப்பைச் சுற்றி ஒரு எண்ட் பிளக்கை ஸ்பேனர் போட்டு இறுக்கி வைத்திருந்தார்கள். "ஏனுங் தம்பி, அது ராத்திரி பகலா சொட்டிட்டே கெடந்துச்சுங்க, கீழ ஒரே ஈரம், போன வாட்டி வந்த பையன்கிட்டச் சொல்லி அடைச்சுட்டமுங்க" என்றார் அந்த வீட்டுப் பாட்டி. நான் முதலில் போய் கீசர் ஸ்விட்சை அணைத்தேன். அப்புறம்தான் பேச்சு.

20 வருடத்துக்கு மேல் பிளம்பிங் வேலை பார்க்கிறேன், இந்த ஒரு பிளக்கைக் கழற்றுவதற்கு மட்டும் எத்தனை வீடு ஏறி இறங்கியிருப்பேன் என்று கணக்கில்லை. விஷயம் இதுதான். தண்ணீர் சூடானால் விரியும். 15 லிட்டர் கீசரில் 25 டிகிரித் தண்ணீரை 70 டிகிரிக்குக் கொண்டுபோனால் சுமார் 300 மில்லி கூடுகிறது, அதாவது ஒரு பெரிய டம்ளர் அளவு. அந்த வால்வுக்குள்ளேயே தண்ணீரைத் திரும்பப் போகவிடாத ஒரு தடுப்பும் இருப்பதால், குழாயைத் திறக்காதவரை இந்த ஒரு டம்ளருக்குப் போக வேறு வழியே கிடையாது. உள்ளே அழுத்தம் ஏறும், வால்வு லேசாகத் திறந்து சொட்டும், அழுத்தம் இறங்கும். அது ஒழுகவில்லை, வேலை செய்கிறது. அதை அடைத்தால் தினமும் டேங்க் உப்பி உப்பி வெல்டிங் விடும். அதுகூடப் பரவாயில்லை, டேங்கோடு போகும். ஒருநாள் சூடு போதும் என்றதும் கரண்ட்டை நிறுத்துகிற தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, அதற்கு மேல் காவலுக்கு இருக்கிற கட்-அவுட்டும் கைவிட்டால், மூடிய டேங்குக்குள் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டிப் போகும். டேங்க் பிளக்கும்போது அதில் ஒரு பங்கு அந்த நொடியே ஆவியாகும், ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் கேட்கும். குளியலறைக் கதவு எவ்வளவு தாங்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, சொட்டுவதில் கோளாறே இருக்காதா என்றால், இருக்கும். சூடு ஏறும்போது மட்டும் சொட்டினால் விட்டுவிடுங்கள். கீசர் அணைத்திருக்கும்போதும் நாள் முழுக்கச் சொட்டினால் பெரும்பாலும் இரண்டு காரணம்தான்: வால்வின் சீட்டில், அதாவது மூடி உட்காரும் இடத்தில், சுண்ணாம்பு படிந்திருக்கும், அல்லது வரும் தண்ணீரின் அழுத்தமே அதிகமாக இருக்கும். பாட்டி வீட்டில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது முதல் காரணம். புது வால்வு போட்டு, அதன் வாயில் ஒரு சின்ன டியூபை மாட்டி மூலையில் இருந்த பக்கெட்டில் விட்டேன். ஈரத்துக்கு அதுதான் மருந்து, மொத்தச் செலவு கீசர் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை.

சுண்ணாம்பு என்றதும் தண்ணீருக்கு வரவேண்டும். "எந்தக் கம்பெனி கீசர் நல்லதுங்க?" என்று எல்லோரும் கேட்கிறார்கள், நான் திருப்பி "உங்க வீட்ல என்ன தண்ணிங்க?" என்று கேட்டால் முழிக்கிறார்கள். எங்கள் ஊரில் சிறுவாணித் தண்ணீர் மட்டும் வரும் வீட்டில் பழைய கீசரைக் கழற்றினால் ஹீட்டிங் எலிமென்ட் தேய்த்து வைத்த செம்பு மாதிரி வரும். அதே கம்பெனி, அதே மாடல், போர் தண்ணீரில் இரண்டு வருடம் ஓடினால் எலிமென்ட் எங்கே இருக்கிறது என்று தேடவேண்டும். முட்டை ஓடு போல அடுக்கடுக்காக வெள்ளைப் படிவம், கீழே ஒரு படி மண் கொட்டிய மாதிரி. போர் தண்ணீரை நாம் உப்புத் தண்ணீர் என்கிறோம், ஆனால் படிவது உப்பு இல்லை. சமையல் உப்பு சுடுதண்ணீரில் கரைந்துதான் போகும். இது தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், மெக்னீசியம் பைகார்பனேட், சூடு பட்டதும் கரையாத கார்பனேட்டாக மாறிப் படியும். சூடு கூடக் கூடப் படிவதும் கூடும், அதனால்தான் தெர்மோஸ்டாட்டை 75-இல் வைத்து அப்புறம் பாதி பக்கெட் பச்சைத் தண்ணீர் கலந்து குளிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆறாது. 50, 55 போதும்.

கீசரைப் போட்டதும் உள்ளே பொட பொடவென்று சோளம் பொரிகிற மாதிரிச் சத்தம் வந்தால் படிவம் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். படிவத்துக்கு அடியில் மாட்டிய தண்ணீர் கொதிக்கிற சத்தம் அது. எலிமென்ட்டைக் கழற்றி எலுமிச்சை உப்பு கரைத்த தண்ணீரில் ராத்திரி ஊறப்போட்டால் விட்டுவிடும். சுத்தியலால் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், உறை விரிசல் விட்டு மறுநாளே ஷாக் அடிக்கும். கழற்றுகிற அன்றைக்கே ஆனோடு ராடையும் பாருங்கள். கண்ணாடிப் பூச்சுப் போட்ட டேங்குகளில் மெக்னீசியத்தில் ஒரு தடி இருக்கும், டேங்குக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்றே வைத்தது. அது கரைந்து வெறும் கம்பி தெரிந்தால் அடுத்த பலி டேங்க்தான். போர் தண்ணீர் என்றால் வருடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்வேன், வாரண்டி அட்டையை மட்டும் பத்திரமாக வைத்திருப்பவர்கள் யாரும் இதைச் செய்வதில்லை.

இந்த இடத்தில் தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னரை விற்க வருபவர்களைப் பற்றி ஒன்று. தண்ணீரில் கரைந்திருப்பது மொத்தம் எவ்வளவு என்று காட்டும் டிடிஎஸ் மீட்டரோடு வந்து தண்ணீரில் விட்டு, பாருங்க எவ்வளவு காட்டுது என்று பயமுறுத்துவார்கள். கடினத்தன்மை என்பது கால்சியம், மெக்னீசியத்தின் அளவு, அது வேறு, டிடிஎஸ் வேறு. ரெசின் சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கும், டிடிஎஸ் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும், ஆனால் கீசரில் படியாது. ஆக அந்த மீட்டர் அவர்கள் விற்கிற பொருளுக்கே சாட்சி சொல்லாது. லேபில் கொடுத்து மொத்தக் கடினத்தன்மை எவ்வளவு என்று கேளுங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 600 வரை போகலாம். 600-ஐ நெருங்குகிற தண்ணீர் என்றால் சாஃப்ட்னர் காசுக்கு ஈடாகும். படிவத்தைத் தடுக்கும் என்று சொல்லிக் குழாயில் கட்டுகிற காந்தத்துக்கு என் கையால் காசு கொடுக்கமாட்டேன்.

இப்போது எது வாங்குவது. பக்கெட்டில் மொண்டு குளிக்கும் நாலு பேர் குடும்பத்துக்கு 15 லிட்டர் ஸ்டோரேஜ் போதும், ஷவர் என்றால் 25. 2 கிலோவாட் எலிமென்ட் 15 லிட்டரை 25-இலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற 18, 20 நிமிடம், முக்கால் யூனிட்டுக்குள் முடியும். 3 லிட்டர் இன்ஸ்டன்ட் சமையலறை சிங்குக்கு அருமை. அதைக் குளியலறையில் மாட்டிவிட்டு ஷவரில் தண்ணீர் நூலாக வருகிறது என்று என்னைத் திட்டினால் நான் என்ன செய்வது, 3 கிலோவாட்டால் நிமிடத்துக்கு மூன்று லிட்டர் தண்ணீரைத்தான் சுமார் 14 டிகிரி ஏற்ற முடியும், அது கணக்கு. ஸ்டார் முத்திரை என்பது ஸ்டோரேஜில் சூடாகி நிற்கும் தண்ணீர் எவ்வளவு சூட்டை இழக்கிறது என்பதைப் பற்றியது. போட்டு, குளித்து, அணைக்கிற வீட்டில் அதனால் பெரிய வித்தியாசம் இருக்காது. அடுக்குமாடியில் கீழ்த்தளத்தில் இருக்கிறீர்கள் அல்லது பிரஷர் பம்ப் இருக்கிறது என்றால் டேங்க் எத்தனை பார் அழுத்தம் தாங்கும் என்று பார்த்து வாங்குங்கள், தண்ணீர்த் தொட்டி 10 மீட்டர் மேலே இருந்தால் ஒரு பார், 8 பார் போட்ட டேங்க் எந்த வீட்டுக்கும் தைரியமாகப் போடலாம்.

சோலார் எங்கள் பக்கம் நல்ல வெயிலுக்கு லாபம்தான், மூன்று நாள் மோடம் போட்டால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். 100 லிட்டர் சிஸ்டம் மூன்று பேருக்குத் தாராளம். ஆனால் மாடியிலிருந்து குளியலறைக்கு முக்கால் அங்குலக் குழாய் 15 மீட்டர் ஓடினால், அதில் நிற்கிற ஆறிய தண்ணீரே நாலு லிட்டர், ஒவ்வொரு முறையும் அதைக் கொட்டித்தான் சூட்டைப் பார்க்க முடியும். குழாய் சூடு தாங்கும் சிபிவிசி பிளாஸ்டிக்காக இருக்கட்டும், சாதா யூபிவிசி சூட்டில் வாழைத்தண்டு மாதிரித் தொங்கும். கண்ணாடிக் குழாய் வகை என்றால் உள்ளே சேறும் சுண்ணாம்பும் சேரும், கழுவுகிற வேலையை விடிகாலையில் வைத்துக்கொள்ளுங்கள். காலியாகக் காய்ந்த குழாயில் மத்தியானம் பச்சைத் தண்ணீர் விட்டால் பட்டென்று போய்விடும், நானே ஆரம்பத்தில் இரண்டு உடைத்திருக்கிறேன்.

கேஸ் கீசர் விஷயத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வராது. குன்னூரில் ஒரு வாடகை வீடு, குளிருக்காக வெண்டிலேட்டரில் அட்டையை வைத்து அடைத்திருந்தார்கள், உள்ளே சுவரில் கேஸ் கீசர் எரிகிறது. குளித்துவிட்டு வந்தால் தலை வலிக்கிறது, குமட்டுகிறது என்று அந்த வீட்டு அக்கா சொன்னபோது குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். மூடிய அறையில் காற்றுப் போதாமல் கேஸ் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வரும், நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது, மயங்கி விழுந்த பிறகு கதவைத் திறக்கவும் முடியாது. கீசரை வெளி வராந்தாவுக்கு மாற்றி, சுவரைத் துளைத்துக் குழாயை மட்டும் உள்ளே விட்டேன். கேஸ் கீசர் குளியலறைக்கு வெளியேதான், இதில் பேரமே இல்லை.

மற்ற பராமரிப்பு எல்லாம் சின்ன வேலை. சுவரில் தண்ணீரை நிறுத்துவதற்கு இருக்கும் ஆங்கிள் காக்கை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூடித் திறங்கள், இல்லையென்றால் அவசரத்துக்கு அசையாது. பின்னிய கம்பி போட்ட கனெக்ஷன் ஹோஸின் உள்ளே ரப்பர்தான் இருக்கிறது, சுடுதண்ணீர்ப் பக்கம் சீக்கிரம் விடும், துருவோ வீக்கமோ தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். ஊருக்குப் போன சமயத்தில் அது விட்டுப்போய் கீழ்வீட்டுச் சீலிங் வரை நனைந்த கதை என்னிடம் மூன்று இருக்கிறது. ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் மஞ்சள் தூளைக் கரைத்துவிட்டு அரை மணி கழித்துப் பாருங்கள், பேசினில் மஞ்சள் இறங்கியிருந்தால் அடி வாஷர் போய்விட்டது. புதுக் கீசர் மாட்டி ஒரு சொம்பு சூடாக வந்து உடனே ஆறிப்போனால் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் நீலமும் சிவப்பும் இடம் மாறியிருக்கிறதா என்று பாருங்கள், குளிர்ந்த தண்ணீர் நீலத்தில்தான் போகவேண்டும்.

கடைசியாக எர்த். பாட்டி வீட்டில் வால்வை மாற்றிவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று 16 ஆம்ப் பிளக் பாயிண்ட்டைக் கழற்றினேன். பச்சை ஒயர் சுருட்டி டேப் ஒட்டி உள்ளே படுத்திருந்தது, எங்கேயும் சேரவில்லை. அதற்குப் பிறகு கீசர் மாட்டப் போனால் ட்ரில்லை எடுப்பதற்கு முன்னால் பிளக்கைத்தான் கழற்றிப் பார்க்கிறேன். எர்த் இல்லை, போர்டில் மின்கசிவு வந்தால் கரண்ட்டை வெட்டும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி இல்லை என்றால், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முடித்துவிட்டுச் சொல்லுங்கள், அப்புறம் வருகிறேன் என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். சிலர் வேறு ஆளை வைத்து மாட்டிக்கொள்கிறார்கள். அன்றைக்குக் கூலி போகும், போகட்டும்.