எல்லோரும் படிக்க வேண்டும் என்றுதான் உறுப்பினர் பணம் தருகிறார்

சிறிய செய்தி நிறுவனங்கள் தம் வாசகர்களின் நேரடிப் பங்களிப்பில் இயங்குவதற்கான உறுப்பினர் திட்டங்களை வகுத்துக் கொடுப்பது என் தொழில். அண்மையில் இன்னொரு செய்தித்தளம், மெதுவாக ஆனால் உறுதியாக வளர்ந்துவந்த தன் உறுப்பினர் திட்டத்தைக் கைவிட்டு, எல்லாக் கட்டுரைகளையும் பணம் கட்டியவர் மட்டுமே படிக்கும்படி கட்டணச் சுவருக்குள் அடைத்துவிட்டது. அதற்குச் சொல்லப்பட்ட காரணத்தை வெவ்வேறு ஆசிரியர்களிடமிருந்து பலமுறை கேட்டிருக்கிறேன்: "இலவசமாகப் படிக்கக் கிடைப்பதற்கு யார் பணம் தருவார்கள்?"

தருகிறார்கள். கார்டியன் நாளிதழ் தன் இணையதளத்தைத் திறந்தே வைத்துக்கொண்டு 2016 முதல் வாசகர்களிடம் பங்களிப்புக் கேட்டது; 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணம் தந்திருப்பதாக 2018இல் அறிவித்தது. ஸ்பெயினில் 2012இல் தொடங்கப்பட்ட எல்தியாரியோ தளத்தின் செய்திகளை எவரும் படிக்கலாம். ஆனாலும் அதன் வருவாயில் கணிசமான பங்கு உறுப்பினர்கள் தருவது. நெதர்லாந்தின் டி கரஸ்பாண்டன்ட் 2013இல் ஒரு கட்டுரைகூட வெளியிடாத நிலையிலேயே எட்டு நாட்களில் 10 லட்சம் யூரோவை வாசகர்களிடமிருந்து திரட்டியது. அதன் உறுப்பினர் எந்தக் கட்டுரையையும் உறுப்பினரல்லாத நண்பருக்கு அனுப்பலாம். தான் படிப்பதற்கான விலையாக மட்டும் இவர்கள் பணம் தரவில்லை. ஊழலை அம்பலப்படுத்தும் ஒரு செய்தி, பணம் தர இயலாதவரையும் சென்றடைந்தால்தான் அதற்குப் பலன் உண்டு என்று அறிந்தே தருகிறார்கள். இப்படிப் பணம் தரும் வாசகரிடம் "பணம் கட்டினால் கதவு திறக்கும்" என்று சொல்வது, அவர் எதற்காக வந்தாரோ அதையே மறுப்பதாகும்.

பணம் கட்டியவருக்கு மட்டும் படிக்கக் கொடுக்கும் சந்தா முறை தவறு என்று நான் சொல்லவில்லை. பிரான்சின் மீடியாபார்ட் 2008 முதல் விளம்பரமின்றிச் சந்தாவை நம்பியே நடக்கிறது; 2012இல் ஓர் அமைச்சரின் மறைமுக வெளிநாட்டுக் கணக்கை வெளிப்படுத்தி, அடுத்த ஆண்டு அவர் பதவி விலகக் காரணமாயிற்று. ஆனால் அது முதல் நாளிலேயே தேர்ந்தெடுத்த வழி. உறுப்பினர் என்று அழைத்துச் சேர்த்துவிட்டு, பிறகு சந்தாதாரராக நடத்துவதைத்தான் கண்டிக்கிறேன்.

செய்தித்தளம் நடத்துகிறவர்களுக்குச் சொல்கிறேன்: கோப்பையும் துணிப்பையும் கொடுத்து உறுப்பினர்களைத் தக்கவைக்க முயல்வதை முதலில் நிறுத்துங்கள். அவற்றை அனுப்பும் செலவில் ஒரு செய்தியாளருக்குப் பயணப்படி கொடுக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை வரவுசெலவுக் கணக்கைப் புரியும் மொழியில் வெளியிடுங்கள். பெருந்தொகை தந்தவர் யார் என்பதையும் சொல்லுங்கள். விலக விரும்புகிறவரைப் பத்துப் பக்கங்கள் அலையவிடாதீர்கள். எளிதாக விலக முடிந்தவர்தான் திரும்பவும் வருவார். புதிதாகச் சேர்ந்தோரின் எண்ணிக்கையை மட்டும் சுவரில் ஒட்டிவைக்கும் அலுவலகங்கள், மாதந்தோறும் விலகியோரின் எண்ணிக்கையையும் அதன் பக்கத்திலேயே எழுத வேண்டும்.

வாக்குறுதி கொடுக்கும்போது சொற்களை அளந்து பேசுங்கள். டி கரஸ்பாண்டன்டின் ஆங்கிலப் பதிப்பு 2018இல் 25 லட்சம் டாலருக்கும் அதிகமாகத் திரட்டியது. அதற்கு நியூயார்க்கில் செய்தி அலுவலகம் அமையும் என்று பலர் நம்பியிருந்தார்கள். அமையாது என்று 2019இல் தெரிந்தபோது எழுந்த கோபம் அந்நிறுவனத்தை மன்னிப்புக் கேட்க வைத்தது. 2020ஆம் ஆண்டின் முடிவோடு அந்தப் பதிப்பு நின்றுபோனது. நிதிநிலையே காரணமாகச் சொல்லப்பட்டது என்றாலும், வாசகரின் நம்பிக்கையையே முதலாகக் கொண்டு தொடங்கும் நிறுவனத்துக்குத் தொடக்கத்திலேயே விழும் விரிசல் சிறியதல்ல என்பது என் கருத்து.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் ஆதரிக்கும் தளம் உங்களுக்குப் பிடித்த தலைவரையோ இயக்கத்தையோ விமர்சித்து எழுதும் நாள் வரும். அன்று கோபத்தில் விலகிவிடாதீர்கள். செய்தியில் பிழை இருந்தால் ஆதாரத்தோடு எழுதிக் கேளுங்கள். உங்களுக்குப் பதில் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள். எதை எழுதலாம், எதை விடலாம் என்று தீர்மானிக்கும் உரிமையை மட்டும் உங்கள் பங்களிப்பு தருவதில்லை; அந்த உரிமை விளம்பரதாரரிடம் இருக்கக் கூடாது என்றுதானே நீங்கள் உறுப்பினரானீர்கள்.

நெருக்கடியில் வாசகர்கள் கைகொடுக்கத் தவறுவதில்லை. 2021 பிப்ரவரியில் மலேசியாவின் செய்தித்தளமான மலேசியாகினிக்கு 5 லட்சம் ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டபோது, சில மணி நேரத்தில் அந்தத் தொகையை மக்கள் திரட்டிக் கொடுத்தார்கள். ஆனால் ஆறு மாதம் நீளும் ஒரு புலனாய்வுக்குச் செய்தியாளரை அமர்த்துவதற்கு, அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்பது ஆசிரியருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். ஆகவே ஒருமுறை தரும் பெருந்தொகையைவிட, உங்கள் வசதிக்கேற்ற சிறுதொகையை மாதந்தோறும் தருவதே அவர்களுக்கு அதிகம் உதவும். அந்த மாதத் தொகை நின்றுபோவதற்கு வாசகரின் மனமாற்றம் மட்டுமே காரணமல்ல. வங்கி அட்டை காலாவதியாகிப் பணப்பிடித்தம் தோல்வியடைவதும் எப்போதும் நடக்கிறது. தாம் இன்னும் உறுப்பினர் என்றே அவர் எண்ணிக்கொண்டிருப்பார். உங்கள் அட்டை அண்மையில் மாறியிருந்தால், புதிய விவரத்தை இன்றே பதிவு செய்துவிடுங்கள்.