பேற்றன்ற் இருக்கு எண்டா வருத்தம் மாறுமோ?

என்னட்டை வாறது கூடுதலா காணி உறுதிப் பிரச்சினைதான். ஆனா கொஞ்சக் காலமா ஸ்டெம் செல் (வேற வேற கலங்களா மாறக்கூடிய உடம்புக் கலம்) வைத்தியத்துக்கு இந்தியா போக வெளிக்கிடுற ஆக்களும் கிளினிக் குடுத்த பேப்பரைக் கொண்டு வருகினம், பிள்ளைக்கு ஓட்டிசம், அப்பாவுக்குப் பாரிசவாதம், கனடாவில இருக்கிற அண்ணை காசு அனுப்புறார், இப்பிடி. எல்லாரும் சொல்லுறது ஒண்டுதான்: "அது பேற்றன்ற் எடுத்த வைத்தியம் சேர்."

பேற்றன்ற் எண்டது ஒரு கண்டுபிடிப்புக்குக் குடுக்கிற தனியுரிமை. அதைக் குடுக்கிறவை பாக்கிறது, சாமான் புதுசோ, துறை தெரிஞ்சவனுக்கும் லேசில தோன்றாததோ, தொழிலுக்கு உதவுமோ எண்டுதான். ஆக்களுக்குச் சுகம் வந்ததோ எண்டு அவை பாக்கிறேல்லை. 1998ல விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்து ஜேம்ஸ் தொம்சன் மனிசக் கருவில இருந்து ஸ்டெம் செல் பிரிச்செடுத்தார், 2001ல அதுக்கு அமெரிக்காவில பேற்றன்றும் வந்திட்டுது. அந்தக் கலத்தில செய்த மருந்தை ஜெரோன் எண்ட அமெரிக்கக் கொம்பனி முதல் ஆளுக்கு ஏத்திப் பாத்தது 2010ல, முள்ளந்தண்டு அடிபட்ட ஒருத்தருக்கு. அடுத்த வருசமே காசு காணாது எண்டு நிப்பாட்டிப்போட்டினம். அதே 2011ல ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் கருவை அழிச்சுச் செய்யிறதுக்குப் பேற்றன்ற் இல்லை எண்டிட்டுது. ஒரே விஞ்ஞானம், அமெரிக்காவில சொத்து, ஐரோப்பாவில இல்லை.

இன்னொண்டு. மனிசருக்குச் செய்யிற சிகிச்சை முறைக்கு எங்கட இலங்கையின்ரை 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டத்திலயும் சரி இந்தியச் சட்டத்திலயும் சரி பேற்றன்ற் குடுக்கிறேல்லை. கலம் வளக்கிற முறைக்கோ ஒரு மெசினுக்கோ எடுத்திருக்கலாம். அதைத்தான் "வைத்தியத்துக்கு" எண்டு நோட்டீஸில போடுகினம், எனக்கு உது பச்சை ஏமாத்து எண்டுதான் படுது.

கையெழுத்து வைக்கிற பேப்பரில "மிச்ச மாதிரியை ஆய்வுக்கும் வணிகத்துக்கும் பாவிக்கலாம்" எண்டு ஒரு வரி இருக்கோ பாருங்கோ. மாதிரி எண்டது உங்கட உடம்பில இருந்து எடுக்கிற ரத்தம், கலம் மாதிரியானது. ஜோன் மூர் எண்ட அமெரிக்க நோயாளியின்ரை மண்ணீரலை வெட்டியெடுக்கச் சொன்ன டொக்டரும் அவற்றை பல்கலைக்கழகமும் அந்தக் கலங்களை வச்சு பேற்றன்ற் எடுத்தினம். மூர் வழக்குப் போட, 1990ல கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் வெட்டின கலம் உன்ரை சொத்தில்லை எண்டது, ஆனா டொக்டர் தன்ரை காசு ஆதாயத்தை முதலே சொல்லியிருக்க வேணும் எண்டும் சொன்னது.

பேற்றன்ற் நம்பரைக் கேளுங்கோ, கூகிள் பேற்றன்ற்ஸில சும்மா தட்டிப் பாக்கலாம். ஒரு குடும்பம் கொண்டு வந்த நம்பரைத் தட்டினன், வெறும் விண்ணப்பம்தான், குடுபடவே இல்லை. அவை ரிக்கெற்றும் போட்டிட்டினம்.